வாயை மூடி வாத்து மேய்த்தவன்

என் வாய் எனக்குச் சோறு போட்ட வாய். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கை ஒரு தட்டுத் தட்டி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் போதும், தூங்குகிற ஆள் எழுந்து செருப்பைத் தேடுவான், டீ குடிக்கிறவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். அப்பேர்ப்பட்ட குரல். இதை நான்தான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு நாள் கூண்டுக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குள் ஒரு பெண் குரல். அவளுக்குச் சளி பிடிக்காது, டீ வேண்டாம், நடுநடுவே சொந்தக் கதை பேசமாட்டாள். நான் பேசுவேன். வானம் இருட்டினால் பேருந்து எண்ணைச் சொல்லிவிட்டு, கூடவே "குடை கொண்டுவந்தீங்களா எல்லாரும்?" என்று கேட்பேன். மக்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலைக்கு உலை வைத்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வேலை போனால் வாய் போய்விடுமா? வீட்டில் அறிவிக்க ஆரம்பித்தேன். குளியலறையில் வெந்நீர் தயாராக நிற்கிறது என்று அறிவித்தேன். குப்பை வண்டி தெருமுனையை வந்தடைந்துவிட்டது என்று அறிவித்தேன். நாங்கள் இருப்பது கீழ்வீடு. மேல்வீட்டுக்காரர் கைத்தடியால் தரையை டொக் டொக் என்று தட்டுவார். அவர் தரை எங்கள் கூரை. அநேகமாக ஒவ்வொரு தடவையும் என் மனைவிதான் மாடிப்படி ஏறிப் போய், "மன்னிச்சுக்குங்க, இனிமே சத்தம் வராது" என்று சொல்லிவிட்டு வருவாள். இறங்கி வந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கிற பறவைப் பராமரிப்பு நிலையத்தில் குமாஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, எங்க எடத்துல ஒரு ஆள் வேணுமாம். வாத்துக் குஞ்சுகளோட நடக்கணும். அவ்வளவுதான் வேலை."

"நடக்கறதுக்கு என்னடா, நடந்துட்டா போச்சு."

"ஒரே ஒரு கண்டிஷன் இருக்கு."

"என்ன?"

"பேசக் கூடாது."

என் மனைவி சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஐயோ தம்பி, அந்த வேலைய எப்படிடா இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லாம இருந்த?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கோவம் வந்தா உங்கள வாத்து மடையன்னு மனசுக்குள்ள திட்டுவேன். பாருங்க, அதுவே உத்தியோகமா அமைஞ்சிருச்சு" என்றாள். மனசுக்குள் என்றது சுத்தப் பொய். எனக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேசாமல் இருக்க முடியாதா என்ன? ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று போய்ச் சேர்ந்தேன்.

நிலையத்தின் பொறுப்பு ஒரு கால்நடை மருத்துவருடையது. எல்லாருக்கும் டாக்டரம்மா. அதட்டமாட்டார், உரக்கக்கூடப் பேசமாட்டார், அதனால்தான் அவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். முதல் நாள் என் கையில் தொலைநோக்கியைக் கொடுத்து ஏரி நடுவே இருந்த மண்திட்டைக் காட்டினார்.

"அதுதான் வரித்தலை வாத்து. காட்டு வாத்து. நம்ம வீட்டு வாத்து இல்ல."

பெயரைக் கேட்டதும் ஏதோ புலி மாதிரி வரி போட்ட முரட்டுப் பறவை என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை. பின்மண்டையில் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண் வரைக்கும் ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த அலகு, நுனி மட்டும் கறுப்பு. காலும் அதே மஞ்சள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. எது புருஷன் எது பெண்டாட்டி என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன், ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது, இன்னொன்று காதில் வாங்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. கத்துகிறதுதான் புருஷன் என்று என் வீட்டு அனுபவத்தை வைத்து முடிவு கட்டினேன்.

"மீன் நிறைய கிடைக்குமா இதுங்களுக்கு?" என்று கேட்டேன், விவரம் தெரிந்தவன் மாதிரி.

"மீன் எதுக்கு? புல்லுதான். இளம் புல்லு, நாணல் குருத்து, கெழங்கு, வெதை. பக்கத்துல பயிர் மொளைச்சா வயல்ல எறங்கும். எப்பவாவது ஒரு தண்ணிப் பூச்சி. மாடு மாதிரி மேயும்."

இந்த வாத்துகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை, தரையில்தான். நரி நீந்தி வரத் தயங்குகிற மாதிரி ஏரி நடுத் திட்டாகப் பார்த்துக் கட்டும், மேயப் பக்கத்தில் புல்வெளி வேண்டும், பயந்தால் இறங்கிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். குளிர் தொடங்கினால் மலைத்தொடரைத் தாண்டிப் பறந்து வெதுவெதுப்பான சீமையில் ஏரி, குளம் பார்த்து இறங்கும், வெயில் காலத்தில் முட்டை வைக்க இதே ஏரிக்குத் திரும்பிவிடும். மலைக்கு மேலே மூச்சு விடவே காற்று போதாதாம். நானோ மேல்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு தடவை மாடி ஏறியபோது பாதிப் படியில் உட்கார்ந்து இளைப்பாறினவன்.

அந்த வருஷம் மழை அதிகம். ஏரி ஏறித் தாழ்வான திட்டுகள் முங்கிப் போனதில் மிதந்த கூடுகளிலிருந்து ஏழு முட்டைகளை எடுத்து வந்து பொரிக்கும் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். குஞ்சு எதை முதலில் பார்க்கிறதோ, யார் குரலை முதலில் கேட்கிறதோ, அதைத்தான் அம்மா என்று நினைக்கும். ஓட்டுக்குள் இருக்கும்போதே அதற்குக் காது கேட்கும். மனிதக் குரல் ஒரு தடவை மனசில் பதிந்துவிட்டால் போச்சு, அது மனிதர் பின்னாலேயே வரும், காட்டு வாத்துகளோடு சேராது, குளிர்காலத்தில் பறந்து போகாது. ஆகவே இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒலிப்பெட்டி, அதில் தாய் வாத்தின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லாரும் தரை வரைக்கும் சாம்பல் அங்கி, முகத்துக்கு வலை, வலது கையில் உறை மாதிரி மாட்டிக்கொள்ள ஒரு துணி வாத்துத் தலை. என் தொப்பைக்கு அங்கி பற்றவில்லை, இரண்டு பக்கமும் துணி ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள்.

மச்சினன் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "மாமா, தாய் வாத்து மாதிரி இல்ல. தாய் வாத்த முழுங்கின ஆளு மாதிரி இருக்கீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அங்கி போட்டால் பேச்சில்லை என்று டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

ஆறு குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்து பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட்டன. ஏழாவது முட்டை மட்டும் அசையவில்லை. டாக்டரம்மா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "சாயங்காலம் வரைக்கும் பாருங்க. ஓட்டுல விரிசல் விடலன்னா எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போனார்.

மத்தியானம் நான் மட்டும் பொரிப்பறையில். ஒலிப்பெட்டி கொரகொரவென்று இழுத்தது, நின்றது. தட்டினேன். திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும், ஒலிப்பெட்டியை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்க வேண்டும். ஒழுங்கான மனிதன் அதைத்தான் செய்வான். ஆனால் நான் அறிவிப்பாளன். வேலை போன நாளிலிருந்து என் பொழுது, ஒலிப்பெட்டி நின்றுபோகிற நேரத்துக்காகக் காத்திருந்து கழிந்தது. பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் குரல் மட்டும் ஒரு நாள் நின்றிருந்தால் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். நிற்கவே இல்லை, படுபாவி. இங்கே நின்றுவிட்டது.

முதலில் நியாயமாக வாத்து மாதிரியே கத்திப் பார்த்தேன். "ஆங், ஆங்." எனக்கே அது பேருந்து பின்னால் வருகிற ஹாரன் மாதிரி கேட்டது. முட்டை அசையவில்லை. வெயில், புழுக்கம், அங்கிக்குள் வேர்த்துக் கொட்டியது. முகவலையைக் கழற்றினேன். முட்டையைப் பார்த்தேன். தனியாகக் கிடந்தது. சாயங்காலம் குப்பைக்குப் போகப் போகிறது.

மைக் இல்லாத இடத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தங்கள் அண்ணன்மார், அக்காமார் அனைவரும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார்கள். கடைசிப் பயணி ஒருவர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. தயவுசெய்து இறங்கவும். கண்ணு, எறங்குடா. சாயங்காலம் வண்டிய எடுத்துடுவாங்க."

முட்டை ஆடியது. சத்தியமாக ஆடியது. நான் மறுபடியும் அறிவித்தேன், இன்னும் உரக்க. ஓட்டில் முடி போல ஒரு விரிசல் விட்டது. அப்புறம் என்னை யார் நிறுத்துவது? அது வெளியே வரும் வரைக்கும் பேசினேன். எந்தெந்த ஊருக்கு எந்தெந்த வண்டி என்று சொன்னேன், என் கல்யாணக் கதையைச் சொன்னேன், குடை கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டேன். ஈரமான மஞ்சள் உருண்டை ஒன்று ஓட்டை உதறிவிட்டுத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்து "கீ" என்றது. நான் அழுதுவிட்டேன். எத்தனையோ நாள் கழித்து என் பேச்சைக் கேட்டு ஒருவர் இடத்தைவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

வலையை மாட்டிக்கொண்டு, கழன்று கிடந்த ஒயரைக் கண்டுபிடித்துச் சொருகினேன். தாய் வாத்து பெட்டிக்குள்ளிருந்து கத்த ஆரம்பித்தது. குஞ்சு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னக் குஞ்சு, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாத்து மடையன் என்று என் மனைவி சும்மாவா சொன்னாள்?

அதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்தேன். மனசுக்குள்தான்.

தினமும் ஏழையும் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போவோம். முட்டி போட்டுத் துணித்தலையால் புல்லைக் கொத்திக் காட்ட வேண்டும், குஞ்சுகள் அதைப் பார்த்துக் கொத்தும். அரை வேளை கொத்திவிட்டு எழுந்தால் முட்டி இரண்டும் என்னோடு வரமாட்டேன் என்னும். ஆறு குஞ்சுகள் எந்த அங்கி நடந்தாலும் பின்னால் போகும். கடைக்குட்டி மட்டும் நடுவில் நின்று எல்லா அங்கிகளையும் பார்க்கும். நான் தொண்டையைக் கனைத்தால் ஒரே ஓட்டமாக வந்து என் காலடியில் விழும். என் நடையில் ஏதோ ஒரு கம்பீரம் இருக்கிறது, அதுதான் ஈர்க்கிறது என்று என்னையே நம்ப வைத்தேன். ஒன்றும் ஆகாது, வளர்ந்தால் சரியாகிவிடும்.

குட்டு உடைந்தது சாப்பாட்டு நேரத்தில். உணவறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், சாதாரணமாகப் பேசினால் கொட்டகைக்குக் கேட்காது, அங்கே பேசலாம். நான் பேருந்து நிலையத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். ஓட்டுநரே இல்லாத வண்டியைப் புறப்படத் தயாராக நிற்கிறது என்று அறிவித்த கதை. உச்சக்கட்டத்தில் பழைய குரல் தானாக வந்துவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று மேசையைத் தட்டினேன்.

சிரிப்பார்கள் என்று பார்த்தால் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக் கதவின் அடி இடுக்கில் நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, விழுந்து எழுந்து, கடைக்குட்டி உள்ளே வந்தது. அத்தனை கால்களுக்கும் நடுவில் புகுந்து வந்து என் இடது செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

டாக்டரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். நான் திருதிருவென்று முழித்தேன். மச்சினன் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என்னை அங்கே சேர்த்துவிட்டவன் அவன்தானே.

பிறகு டாக்டரம்மா என்னை நிலையத்து வாசல் பக்கம் கூட்டிப்போனார். அங்கே பார்வையாளர்களுக்காக ஒரு சிமெண்ட் குளம். அதில் ஒரு கிழட்டு வரித்தலை வாத்து. எல்லாரும் பென்ஷனர் என்று கூப்பிடுவோம். யாரோ வீட்டில் குஞ்சிலிருந்து செல்லமாக வளர்த்துப் பிறகு கொண்டுவந்து விட்டது. யார் வந்தாலும் ஓடி வந்து பிஸ்கட்டுக்குக் கழுத்தை நீட்டும். தலைக்கு மேலே காட்டு வாத்துகள் கூட்டமாகப் பறந்து போனாலும் நிமிர்ந்து பார்க்காது. இறக்கை இருந்தும் அதற்கு அது தேவைப்பட்டதே இல்லை.

"கடைசிக் குஞ்சையும் இங்கதான் விடணும்" என்றார்.

"டாக்டரம்மா, என்னை வேலைய விட்டு வேணா அனுப்பிடுங்க. அது என்னங்க பண்ணுச்சு? வாயாடினது நானு." பேருந்து நிலையத்தில் வேலை போனபோதுகூட நான் யாரிடமும் கெஞ்சவில்லை.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "உங்கள அனுப்பிட்டா அது உங்களையே தேடிக்கிட்டு நிக்கும். நீங்க இருக்கணும், உங்க குரல் இருக்கக் கூடாது. இந்த வாசலுக்குள்ள ஒரு வார்த்தை கூடாது, கனைப்பு கூடாது. அது மறக்கணும். குளிர் வந்ததும் காட்டுக் கூட்டம் ஏரியில சேரும். அதுங்களோட போயிட்டா பொழைச்சுது. உங்ககிட்ட திரும்பி வந்துட்டா இந்தக் குளம்தான். அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றிலிருந்து நான் ஊமை. வாசலில் நுழையும்போது கடைசியாக ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ஒரு நாள் அங்கிக்குள் குளவி புகுந்து முதுகில் கொட்டியது. கத்தவில்லை. ஏரிக்கரையில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஆறு குஞ்சுகள் பயந்து தண்ணீரில் இறங்கின, கடைக்குட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் இறங்கியது. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம். மச்சினன் வேறு, குஞ்சுகள் தூரத்தில் மேயும் நேரம் பார்த்து வேலியோரம் வந்து நின்று, "மாமா, போன தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என் சட்டைய யாரு எடுத்துட்டுப் போனா? நீங்கதானே? பேசாம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி" என்பான். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

உள்ளே அடைத்ததெல்லாம் வீட்டில் உடைப்பெடுக்கும். இன்று கடைக்குட்டி நாணல் குருத்து தின்றது, இன்று தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது, இன்று புதுச் சிறகு முளைத்தது, வரி மட்டும் இன்னும் வரவில்லை, இளம் பறவைக்கு வரி வர முதல் குளிர்காலம் ஆகுமாம். மேல்வீட்டில் டொக் டொக்.

"என்னிக்காவது நான் என்ன சாப்பிட்டேன்னு கேட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"நீ என்ன சாப்பிட்ட?"

"புல்லு" என்றாள்.

ஆனால் தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே கேட்பாள், "அது இன்னிக்கு உங்களத் தேடுச்சா?" என்று. "இல்ல" என்றால் "அப்பாடா" என்பாள். "ஒரு தடவ தும்மிட்டேன், திரும்பிப் பார்த்துச்சு" என்றால் அவளுக்கு முகம் வாடிவிடும். மறுநாள் மூக்குக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவாள்.

குளிர் வந்தது. காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக ஏரியில் சேர்ந்தன. எங்கள் ஏழும் அவற்றோடு மேயப் போயின, அவற்றோடு தண்ணீரில் தங்கின. நாங்கள் நடப்பதை நிறுத்திவிட்டு, கரையில் அங்கியோடு தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. ஒரு நாள் காலையில் டாக்டரம்மா வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாரும் வரிசையாக நின்றோம். மச்சினனுக்கும் ஓர் அங்கி கொடுத்திருந்தார்கள்.

முதலில் ஒன்று கத்தியது. அப்புறம் ஏரி முழுக்கக் கத்தியது. தண்ணீரை உதைத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் எழும்பியது. எங்கள் ஆறும் எழும்பின. ஏழாவதும் எழும்பியது. அம்பு முனை மாதிரி வரிசை கட்டிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பின. நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் வரிசையிலிருந்து கழன்றது.

திரும்பி எங்களை நோக்கி வந்தது. வரி இல்லாத தலை. தாழப் பறந்து எங்கள் தலைகளுக்கு மேலே சுற்றியது. "ஆங்" என்று கூப்பிட்டது. எல்லாம் ஒரே அங்கி, ஒரே வலை, அதற்கு எது நான் என்று தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கும், பதில் வருகிறதா என்று. மறுபடியும் சுற்றும், மறுபடியும் கூப்பிடும். கூட்டம் தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். "கண்ணு" என்று சொன்னால் போதும், என் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். தினமும் பார்க்கலாம், சிமெண்ட் குளத்தில், நான் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்கும். உலகத்திலேயே என் பேச்சை விரும்பிக் கேட்கிற ஒரே ஜீவன் அது. வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது, உதட்டுக்கும் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் வலையைத் தூக்கிவிட்டுக் கையில் இருந்த துணி வாத்துத் தலையை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். நாற்றம் பிடித்த துணி, பழைய புல் ருசி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது குனிந்து பார்த்திருந்தால் ஒரு கிழட்டு வாத்து இன்னொரு வாத்தை விழுங்குகிறது என்றுதான் நினைத்திருக்கும்.

தூரத்திலிருந்து கூட்டத்தின் சத்தம் காற்றில் வந்தது. கடைக்குட்டி ஒரு பாதிச் சுற்றில் நிமிர்ந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டது, இந்தத் தடவை எங்களை அல்ல. இறக்கையை வேகமாக அடித்து மேலே ஏறியது. வரிசையின் வாலில் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் எல்லாம் புள்ளி.

"இப்ப பேசலாம்" என்றார் டாக்டரம்மா.

பக்கத்து அங்கி என் தோளைப் பிடித்தது. "மாமா, துணிய வெளிய எடுங்க, மூச்சு முட்டப் போகுது" என்றான் மச்சினன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எடுத்தேன். பேச ஒன்றும் வரவில்லை. அவனே என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான்.

செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். மனைவி தட்டை வைத்தாள். சாப்பிட்டேன். உப்பு போதவில்லை என்று சொல்லவில்லை. குப்பை வண்டி வந்து மணி அடித்துவிட்டுப் போனது, அறிவிக்கவில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஏதாவது பேசுங்க. எனக்குப் பயமா இருக்கு."

என் வேலையில் வரும், புறப்படும், தாமதமாகும் என்றெல்லாம் அறிவித்திருக்கிறேன். போய்விட்டது என்று மட்டும் அறிவித்ததே இல்லை. போன வண்டியைப் பற்றி யாருக்கு அறிவிப்பது?

"போயிடுச்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"திரும்ப வருமா?"

"வெயில் காலத்துல வரும். தலையில வரி வந்திருக்கும். எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும், எது அதுன்னு எனக்குத் தெரியாது."

"அதுக்கு உங்களத் தெரியுமில்ல?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுத் தாங்க முடியாமல் அழுதேன். அவள் என் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு மெதுவா பேசாதீங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. எப்படி எழும்புச்சு, எப்படி திரும்பி வந்துச்சு, எல்லாம். சத்தமா சொல்லுங்க. இங்க எந்தக் குஞ்சும் இல்ல, நான்தான் இருக்கேன்."

சொன்னேன். மெல்ல ஆரம்பித்தேன். ஏரி மொத்தமும் கத்திய இடம் வந்தபோது பழைய குரல் வந்துவிட்டது, மேசை மேல் தட்டிவிட்டேன். உடனே மேலே டொக் டொக்.

நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். மூடிப் பழகிவிட்டதே. அவள் எழுந்தாள். வழக்கம்போல மாடிப்படிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்து, கட்டைப் பக்கத்தைத் தூக்கிக் கூரையில் ஓங்கித் தட்டினாள், ஒன்றுக்கு நாலாக. மேலே கப்சிப் ஆகிவிட்டது.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.